நீலப் பந்தின் முறை

பாளையங்கோட்டை
1912 ஜனவரி 8, திங்கள்

என் அன்புள்ள அத்தானுக்கு,

ஹெப்சிபா ஆயிரம் ஸ்தோத்திரத்தோடு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் சுகமென்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நான் மூன்று கடிதம் போட்டால் நீங்கள் நாலு வரி எழுதுகிறீர்கள், அதிலும் இரண்டு வரி மழையைப் பற்றி.

நம் குரோக்கே பந்தாட்டச் சங்கத்தில் இந்த வருஷப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கியாகிவிட்டது. பதினாறு பேர். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். கோயில் வாசலில் இதைக் கேட்டதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தினது கொஞ்ச நேரந்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

போன வருஷத்துக் கடைசி ஆட்டத்தை யாரும் மறக்கவில்லை. புகுந்து போக வேண்டிய மூன்றாம் வளைவுக் கம்பியோடு உங்கள் பந்து ஒட்டிக் கிடந்தது. நீங்கள் அடித்தபோது மரக் கொட்டாப்புளி பந்தில் இரண்டு தரம் பட்டது, ஒரு தரந்தான் படலாம். நான் பக்கத்தில் நின்றேன், பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன். நீங்கள் இல்லை என்றீர்கள். தலைமையாசிரியர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு உண்டா? கோப்பை உங்களுக்கு வந்தது. புருஷனைச் சபை நடுவே காட்டிக்கொடுத்தவள் என்ற பட்டம் எனக்கு வந்தது. ஒரே மாதத்தில் நீங்கள் கல்லிடைக்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கி, கோப்பையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினீர்கள். என்னை வா என்று சொல்லவில்லை.

சங்கக் காரியதரிசி அப்பாத்துரை ஐயா நேற்று ஒன்று சொன்னார். பிப்ரவரி முடிவதற்குள் அங்கேயே நிரந்தரமா, இங்கே திரும்புகிறீர்களா என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டுமாமே. இதைக்கூட நான் அடுத்தவர் வாயால்தான் கேட்க வேண்டுமா? திரும்பி வாருங்கள், அத்தான். வீட்டில் இரண்டு நாற்காலி இருக்கிறது, ஒன்று சும்மா கிடக்கிறது.

உங்கள்
ஹெப்சிபா

---

கல்லிடைக்குறிச்சி
13 ஜனவரி 1912

ஹெப்சிபாளுக்கு,

சுகம். மழையைப் பற்றி எழுதினால் உனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மலையில் பெய்த மழைக்கு ஆறு கரையை முட்டிக்கொண்டு போகிறது. காலையில் பிள்ளைகளைப் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். முப்பது வாண்டுகளும் ஒரு சத்தம் போடவில்லை. அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் பேச்சு வராது.

உன் கேள்விக்குப் பதில். போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடு. அந்தப் புல்தரையில் நீ கொட்டாப்புளி பிடித்து நிற்பது, என்னை மறுபடி ஒருமுறை பொய்யன் என்று சொல்வது போல இருக்கும். நான் பொய் சொன்னேன் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிற வரை ஒரே பந்தியில் உட்கார்ந்து நாம் எப்படிச் சாப்பிடுவது?

அப்பாத்துரை ஐயாவுக்கு ஒரு வரி எழுதிக் கொடு. 'நான் பார்த்தது தவறு' என்று மட்டும் எழுதினால் போதும். அந்த வரி போய்ச் சேர்ந்த அன்றைக்கே நான் புறப்படுவேன். இல்லையென்றால் பிப்ரவரி முடிவில் இங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

பனிக் காலம். காதுக்குத் துணி கட்டிக்கொள்.

பாக்கியசீலன்

---

பாளையங்கோட்டை
29 ஜனவரி 1912

அன்புள்ள அத்தானுக்கு,

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். சத்தியமாக உட்கார்ந்தேன். பேனாவைத் தொட்டதும் அந்த இரண்டு சத்தமும் காதில் கேட்டது, டொக், டொக் என்று. ஒன்று என்று எப்படி எழுதுவேன்? ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று பத்துக் கற்பனை சொல்லிக்கொடுக்கிறவள் நான். என்னால் முடியவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடிதத்தைக் கிழிக்காமல் மீதியையும் வாசியுங்கள்.

நான் மூன்று ஆட்டமும் ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. சாரம்மாள் அக்காவைச் சொல்ல வேண்டும்.

மருத்துவச்சி சாரம்மாள் அக்காவை உங்களுக்குத் தெரியும். ஐம்பது வயசு, பாரியான உடம்பு, செருப்புப் போடுவதில்லை. நீங்கள் போன பிறகு சங்கத்தில் சேர்ந்தார்கள். நேற்று முன்தினம் டிராயிங் மாஸ்டர் நேசையாவோடு ஆட்டம். அவர் பாதி வழி போய்விட்டார், அக்கா இன்னும் முதல் வளைவே எடுக்கவில்லை. நேசையா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் அக்கா குனிந்தார்கள். பிறகு நான் பார்த்ததை எப்படி எழுதுவது, அத்தான்? ஒரு பந்தில் முட்டி, அதனால் கிடைத்த அடியில் அதைத் தள்ளிவிட்டு ஒரு வளைவு. அடுத்த பந்தில் முட்டி, அடுத்த வளைவு. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பந்து வருகிறது. ஒரே முறையில் பன்னிரண்டு வளைவும் போய்விட்டது! நேசையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், கோயிலுக்குள் நிற்பது போல.

"எப்படிக்கா அடிச்சீங்க?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"எனக்கென்னட்டி தெரியும்? பிள்ளை பொறக்க நேரத்துல கை தானா போகும்லா, அப்படித்தான் போச்சு," என்றார்கள்.

இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் சில பேர் கைக்குள் என்னத்தை வைத்து அனுப்புகிறார்! அந்த அக்காவோடுதான் எனக்குக் கடைசி ஆட்டம், பிப்ரவரி 10, சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. தோற்பேன் என்று தெரியும். ஆனாலும் ஒரு தரம் எதிரே நின்று பார்க்க வேண்டும்.

பெயரை எடுக்கவில்லை. மன்னியுங்கள்.

உங்கள்
ஹெப்சிபா

---

கல்லிடைக்குறிச்சி
12 பிப்ரவரி 1912, திங்கள்

என் ஹெப்சிபா,

சனிக்கிழமை நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். மத்தியான ரயிலில் வந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புல்தரை வேலிக்கு வெளியே வேம்படியில் நின்றேன். நீ தோற்பதைப் பார்க்க வந்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நீ நன்றாக ஆடினாய். உன் இரண்டு பந்தில் நீலம் எல்லா வளைவும் முடித்து, கடைசியாக நடு முளையைத் தொடுவதற்காக ஓரத்தில் காத்துக் கிடந்தது. கறுப்புக்கு இன்னும் ஐந்து வளைவு பாக்கி. அப்போது சாரம்மாள் அக்கா தன் மஞ்சளை எடுத்தார்கள். நீ எழுதியது மிகை என்று நினைத்திருந்தேன். நீ குறைத்துத்தான் எழுதியிருக்கிறாய். தரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் ஒரு பந்தை முட்டி, ஏழு வளைவு! எட்டாவது கம்பியில் நூலிழையில் நின்றது. அங்கே இருந்த எல்லோரும் வாய் பிளந்து நின்றீர்கள், அப்பாத்துரை ஐயாவும் சேர்த்து.

அந்தத் திகைப்பில்தான் நீ அந்தத் தப்பைச் செய்தாய். நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று அடிக்கிற வரிசையை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்த பெண் நீ. மஞ்சளுக்குப் பிறகு நீலத்தின் முறை. நீ கறுப்பை அடித்தாய். அடித்து ஐந்து வளைவையும் எடுத்தாய். ஒருவரும் கவனிக்கவில்லை. எதிராளி சொல்லாவிட்டால் அது செல்லும் என்பது சங்கத்து விதி. நான் மட்டும் கவனித்தேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஹெப்சிபா. இப்போது இவளும் நம்மைப் போலத்தான் என்று சந்தோஷம்.

நீலத்தை முளைப்பக்கம் தள்ளக் குனிந்தாய். அதன் நிறத்தைப் பார்த்தாய். நிமிர்ந்துவிட்டாய்.

"அக்கா, நான் முறை மாறி அடிச்சிட்டேன். நீலம்லா அடிச்சிருக்கணும். நீலம் இங்கன கெடக்கு."

"ஏட்டி, நான் ஒண்ணும் சொல்லலியே!" என்றார்கள் அக்கா.

அப்பாத்துரை ஐயா, "அம்மா, யாரும் கேக்கலம்மா. பைய அடிச்சு முடிங்க," என்றார்.

"நான் பாத்துட்டேன், ஐயா," என்றாய் நீ. கொட்டாப்புளியைத் தரையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாய். ஐந்து வளைவும் தள்ளுபடி. பிறகு அக்காவே ஆட்டத்தை முடித்தார்கள். நீ முதல் ஆளாகக் கை தட்டினாய்.

அவ்வளவு பெரிய ஆட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு அதற்குப் பிறகு உன்னைத் தவிர எதுவும் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் உன்னோடு குடித்தனம் செய்திருக்கிறேன். யாரோடு இருந்தேன் என்பதை வேலிக்கு வெளியே நின்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன்.

நீ பார்த்தது சரி. இரண்டு தரம் பட்டது. என் கைக்கு அது அன்றைக்கே தெரியும். கோப்பை மேல் ஆசை. அதைவிட, இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. இதை அப்பாத்துரை ஐயாவுக்குத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடு. கூட்டத்தில் வாசிக்கச் சொல். கோப்பையை ரயில் பார்சலில் அனுப்புகிறேன். அந்த முகங்களுக்கு எதிரே வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நீ நிம்மதியாக இரு.

பாக்கியசீலன்

---

பாளையங்கோட்டை
14 பிப்ரவரி 1912

அத்தானுக்கு,

அப்பாத்துரை ஐயாவுக்கு நீங்கள் எழுதியதைத் திருப்பி இதோடு அனுப்பியிருக்கிறேன். நாலு தரம் வாசித்தேன். அழுதேன். ஒரு வருஷமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி, என் கண்ணையும் காதையும் நானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். அந்தப் பாரம் இறங்கிவிட்டது. ஆனாலும் இந்தக் காகிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

வேம்படியிலிருந்து நம் வீடு நூறு அடி. அதைக்கூட நடக்காமல் களவாணி மாதிரி ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறீர்கள். பசியோடு போயிருப்பீர்களே என்று அதற்கும் ஒரு தரம் அழுதேன்.

வருகிற சனிக்கிழமை, 17-ஆம் தேதி, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோப்பை கொடுக்கிற கூட்டம். கோப்பை உங்களிடம் இருக்கிறது. சாரம்மாள் அக்காவுக்கு வெறுங்கையையா நீட்டுவார்கள்? பார்சலில் அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டுவாருங்கள். மூன்றாம் வளைவுக்குப் பக்கத்தில் நின்று, எல்லோரும் கேட்க, உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லி முடிகிற வரைக்கும் நான் பக்கத்தில் நிற்பேன். யார் என்ன பேசினாலும் நகர மாட்டேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

வர முடியாதென்றால் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது என்கிறீர்கள். அன்றைக்குக் கொட்டாப்புளியைக் கீழே வைத்தபோது என் முழங்கால் இரண்டும் தந்தியடித்தது; வேலிக்கு வெளியே நின்றவருக்கு அது தெரிந்திருக்காது.

அத்தான், என் தப்பை நான் தபாலில் சொல்லவில்லை.

ஹெப்சிபா