ராணியை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள், மதினி

என் அருமை மதினிக்கு,

போன இடத்திலும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். சொர்க்கவாசல் கதவு கிறீச்சிடுகிறது என்று கீலைக் கழற்றிப் போட்டிருப்பீர்கள். கையிலிருக்கிற ஸ்பானரைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு வயிறு எரிகிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

உங்கள் ராணியை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இருங்கள், முதலிலிருந்து வருகிறேன். சித்திரபுரத்தில் மழை இந்த வருஷமும் தன் இஷ்டத்துக்குத்தான் பெய்கிறது. என் சாக்லேட் கடை ஓடுகிறது. உங்கள் மகன் கார்த்தி ஜீப் வாங்கி டூரிஸ்ட்காரர்களை ஏற்றிக்கொண்டு மலை மலையாகத் திரிகிறான். அண்ணன் போன பிறகு நீங்கள் ஒற்றை ஆளாக நடத்திய பழைய சாமான் ஆக்ரிக் கடையை அவனால் நடத்த முடியவில்லை. பழைய இரும்பையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு மூடினான். அதற்காக நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் உங்கள் கையால் செய்த கொழுந்து வண்டியையும் கொடுத்துவிட்டான், மதினி.

எடைக்கு இல்லை. ஆற்றுக்கு மேலே புதிதாக ஒரு ரிசார்ட் வந்திருக்கிறது. அதில் ஒரு கூடம் முழுக்க விக்டோரியா ராணி காலத்து அலங்காரமாம். சுவரில் பல்சக்கரம், மேலே செம்புக் குழாய், மேஜைக்கு மேஜை பித்தளை விளக்கு. அந்த வேலைக்காக வந்த டிசைனர் உங்கள் கடையில் வண்டியைப் பார்த்து அசந்து நின்றுவிட்டார். அம்மா பெயரைப் போட்டு நடுக்கூடத்தில் வைக்கிறோம் என்றார். அம்மா பெயர் என்றதும் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாதீர்கள்.

என் மதினி பேச்சியம்மாள், என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கழுத்து இனி முடியாது என்று சொன்ன நாள் வரை கொழுந்து கிள்ளியவர். பிறகு அண்ணனோடு பழைய இரும்புக் கடையில் உட்கார்ந்தார். எஸ்டேட் பேக்டரிகளில் மிஷின் மாற்றும்போது பித்தளை மீட்டர்களும் திருகுகளும் சக்கரங்களும் சாக்குச் சாக்காக வரும். மற்ற கடைக்காரர்கள் சுத்தியலால் நசுக்கி எடைக்குப் போடுவார்கள். மதினி கழற்றிக் கழுவி வைத்துக்கொள்வார். நீராவி மீட்டரில் விளக்கு செய்தார். கடிகாரச் சக்கரங்களில் ஒரு காக்கா செய்தார், வாலை இழுத்தால் அது வாயைத் திறக்கும். அது வாயைத் திறந்ததும் மதினி என் பெயரைச் சொல்லி, காக்கா இவளைப் போலவே இருக்கிறது என்பார்.

ஒருநாள் கடைப் பக்கம் வந்த ஒரு கல்லூரிப் பெண்தான் இதற்கு ஸ்டீம்பங்க் என்று பெயர் என்றாள். கரண்டும் பெட்ரோலும் தலையெடுக்காமல் நீராவியே உலகத்தை ஓட்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று அந்தக் காலத்தை வைத்துக் கற்பனை பண்ணுகிற கலையாம். ஆற்றுத் தண்ணீரிலிருந்து கரண்டு எடுக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கரண்டில்லாத உலகத்தைக் கனவு காண உங்களால்தான் முடியும் என்று நான் கேலி செய்தேன். நினைவிருக்கிறதா?

அன்றைக்கே கார்த்தியின் போனை வாங்கி அந்தப் படங்களையெல்லாம் பார்த்தீர்கள். வானத்தில் பித்தளைக் கப்பல், உயரத் தொப்பி வைத்த ஆண்கள், கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, இடுப்பை இறுக்கிக் கட்டிய வெள்ளைக்காரிகள். அழகாகத்தான் இருந்தது. நீங்கள் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனீர்கள், எதையோ தேடுகிற மாதிரி. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"ஏட்டி சரசு, வானத்துல கப்பல் விடுதான், கடிகாரத்துக்குள்ள குருவி வைக்கான். இம்புட்டு யோசிச்சவன் மலையில கூடை சுமக்கிறவளுக்கு ஒரு மிஷின் யோசிக்கலியே. கற்பனைதானட்டி? அதுலயாவது சும்மாட்டை இறக்கி வைக்கப்பிடாதா?"

கேட்ட கையோடு பித்தளைச் சாக்கை அவிழ்த்துக் கொட்டினீர்கள்.

அப்படிப் பிறந்ததுதான் கொழுந்து வண்டி. கம்பம்மெட்டில் மூடிப்போன டீக்கடையிலிருந்து வெந்நீர் கொதிக்கிற சமோவரை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். இதற்கும் டிக்கெட் எடுக்கணும் என்று கண்டக்டர் வம்புக்கு வர, கைக்குழந்தைக்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டீர்களாம். அந்தச் சமோவர்தான் வண்டிக்கு பாய்லர். சைக்கிள் இரும்பில் ஆறு கால். முன்னால் கொழுந்தைக் கிள்ளும் இரண்டு பித்தளைக் கைகள், பின்னால் கூடையைத் தானே தூக்கிக்கொள்ளும் ஒரு கொக்கி. ஆவி வெறும் வேஷம், உள்ளே இருப்பது தையல் மிஷின் மோட்டார் என்பது நமக்குள் இருக்கட்டும்.

மேலே ஒரு நாற்காலி. அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பித்தளைப் பெண். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, கையில் டீ கிளாஸ். அந்தக் காலத்துக்கு ஒரு ராணி இருந்தாள், நம் பக்கத்துக்கும் ஒருத்தி இருக்கட்டும் என்று அவளுக்கு ராணி என்றே பெயர் வைத்தீர்கள். அவளைக் கால் மேல் கால் போட்டு உட்கார வைத்தீர்கள்.

அந்தக் காலுக்காக எவ்வளவு பாடுபட்டீர்கள். சூடாக்கி மடக்க, விரிசல் விழ, தூக்கிப் போட்டுவிட்டு வேறு தகடு எடுக்க. கால் கீழே தொங்கினால் என்ன குறைந்துவிடும் என்று நான் கேட்டேன். துரை வருகிறார் என்றால் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவள்கூட எழுந்து நிற்பாள், இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று பார்த்தவுடன் தெரியணும் என்றீர்கள். உங்களுக்கு அடக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால்தான் உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். அந்த ரிசார்ட்டுக்கு நான்தான் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் பின்வாசலோடு சரி. அன்றைக்குக் கூடத்தைப் பார்க்கணும் என்று கேட்டு உள்ளே போனேன். உங்கள் வண்டி நடுவில், விளக்கு வெளிச்சத்தில், புஸ் புஸ் என்று ஆவி விட்டு, நின்ற இடத்திலேயே ஆறு காலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. இது என் மதினி செய்தது என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

அப்புறம்தான் நாற்காலியைப் பார்த்தேன். அதில் ஒரு துரை உட்கார்ந்திருந்தான். தொப்பி, மீசை, வாயில் புகைக்குழாய். ஃபைபரில் செய்து பித்தளை நிறம் அடித்த பொம்மை.

ராணி எங்கே என்று தேடினேன். வண்டிக்குப் பின்னால் இருந்தாள், மதினி. கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூடையை அவள் முதுகில் கட்டியிருந்தார்கள். நீங்கள் அவ்வளவு பாடுபட்டு மடக்கிய காலைச் சூடு காட்டி நிமிர்த்தியிருந்தார்கள். இடுப்பை வளைத்துக் குனிய விட்டிருந்தார்கள். டீ கிளாஸையும் காணோம். எதற்காக அந்தக் கிளாஸைக்கூடப் பிடுங்கினார்கள்?

பக்கத்தில் ஒரு அட்டை. ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரர் ஓய்வு நேரத்தில் செய்த அரிய கருவி, விக்டோரியா காலம் என்று போட்டிருந்தது. விக்டோரியா காலத்துக் கருவியிலிருந்து ஒரு வயர் போய்ச் சுவரில் பிளக்கில் செருகியிருந்தது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் கோட்டயம் பக்கத்துப் பையன், தன்மையானவன்தான். கெஸ்ட்டுக்கு ஒரு கதை வேண்டும் சேச்சி, பழைய சாமான் என்றால்தான் நின்று பார்க்கிறார்கள் என்றான். இதைச் செய்தவள் என் மதினி, அவளைப் புதைத்த இடத்தில் புல்கூட இன்னும் சரியாக முளைக்கவில்லை என்றேன். அட்டையை வேண்டுமானால் எடுத்துவிடலாம், பொம்மை விஷயம் டிசைனரிடம்தான் கேட்கணும் என்றான். கேளுங்கள், நான் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கார்த்தியிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. வந்து பாருடா என்றேன். மறுநாள் இரண்டு பேருமாகப் போனோம். ராணியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. மேனேஜர் டிசைனரை வீடியோவில் கூப்பிட்டு போனை என் கையில் கொடுத்தான். அந்த மனுஷன் உங்கள் பேரைப் போடாததற்கு வருத்தம் தெரிவித்தார். உங்கள் வேலையை வாய் நிறையப் புகழ்ந்தார். அப்படியானால் என் ராணியை ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்த லேடி சேர்ல இருந்தப்ப பாக்கிறவங்களுக்கு நம்பும்படியா இல்ல. அவங்க ஏன் அங்க உக்காந்திருக்காங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. துரையை வச்சதும் யாரும் எதுவும் கேக்கல."

கேட்டீர்களா மதினி? டீக்கடைச் சமோவரை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆறு காலால் ஒரு நாற்காலி மலை ஏறும் என்பதை நம்புகிறார்கள். வானத்தில் இரும்புக் கப்பல் போகும் என்பதை நம்புகிறார்கள். கொழுந்து கிள்ளுகிறவள் ஒருத்தி உட்கார்ந்து டீ குடிப்பதைத்தான் நம்ப முடியவில்லையாம். இந்த மலையில் குடிக்கிற ஒவ்வொரு கிளாஸையும் யார் கையிலிருந்து குடிக்கிறார்கள்? நடக்காததையெல்லாம் நடந்ததாக நினைத்துப் பார்ப்பதுதானே இந்தக் கலை? அதற்குள்ளேயும் நமக்கு முதுகு வளைத்த இடம்தானா?

இன்னொன்றும் சொல்கிறேன். ராணி இறங்கியதால் வண்டி கோபித்துக்கொண்டு நின்றுவிடவில்லை. துரை உட்கார்ந்திருக்க, அதே ஆறு காலும் அதே மாதிரிதான் நடந்தன. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். கார்த்தி வெளியே போனான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். ஜீப்பிலிருந்து டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வந்தான். "அத்தை, நவுருங்க" என்றான். குந்தி உட்கார்ந்து, ராணியின் காலடியில் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சுற்றிலும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மேனேஜர் வந்து அவன் தோளைத் தொட்டான்.

"வண்டிய நாந்தான் கொடுத்தேன், இல்லைங்கல. எங்கம்மாவ சொமக்க வைக்கக் கொடுக்கல" என்றான் கார்த்தி. கூடையை அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு, ராணியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தான். நான் பின்னால் போனேன். யாரும் தடுக்கவில்லை.

பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். குனிந்த முதுகை நிமிர்த்தி, உட்காரும்படி செய்துவிட்டார்கள். காலை மட்டும் மறுபடி மடக்க முடியாதாம். ஏற்கெனவே மடக்கி நிமிர்த்திய இடம், இனித் தொட்டால் ஒடிந்துவிடும் என்றார்கள். அதனால் என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் கார்த்தி ஒரு சின்ன டீ கிளாஸ் வைத்துவிட்டான். செய்தது பேச்சியம்மாள், சித்திரபுரம் என்று நானே எழுதி மாட்டியிருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்கள் நின்று பார்க்கிறார்கள். நேற்று ஒருத்தி, இவளுக்கென்ன, நல்லா வேலைக்கு மட்டம் போட்டுட்டு உக்காந்திருக்கா என்றாள். நீங்கள் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். நான் கொடுத்தேன்.

ரிசார்ட்டில் இனி என் சாக்லேட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகட்டும். போலீஸ் கேஸ் ஆகும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ஆகட்டும். இன்று காலை மேனேஜர் போன் பண்ணினான். சண்டைக்கு இல்லை, கெஞ்சலாகத்தான் பேசினான்.

"சேச்சி, ஒரு காரியம். பின்னாடி ஆள் இல்லாம வண்டியைக் காண நல்லால்ல. கெஸ்ட்டும் கேக்கிறாங்க. கூடை தரையில கிடக்குது, அதை யாராவது தூக்கணுமே?"

"அந்தத் தொரையத் தூக்கச் சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வண்டியை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள் மதினி. நாளைக்கும் போவேன், மறுநாளும் போவேன். அந்தக் கூடத்தில் டீ குடிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் செய்தவள் யார், அந்த நாற்காலி யாருக்காகச் செய்தது என்று என் வாயால் சொல்வேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்கள் காக்காவுக்கே தெரியும். அந்த நாற்காலியில் ராணியை என் கையால் உட்கார வைப்பேன். அதுவரைக்கும் அவள் இங்கே என் பக்கத்தில் இருப்பாள். நான் உயிரோடு இருக்கிறவரை அவள் முதுகில் இனி ஒருத்தரும் ஒரு துரும்பையும் ஏற்ற முடியாது. இது உங்கள் மேல் ஆணை.

உங்களோடு கடைசிவரை வாய்ச்சண்டை போட்ட, இப்போது உங்களுக்காகப் போடுகிற
உங்கள் நாத்தனார்,
சரசு