மீனம்மா அக்காவை அம்மா என்றால்

ஜெனிட்டா அப்பாவுக்கு, குவைத்திலிருந்து மார்கிரட். நான் சுகம். உங்கள் இருமல் விட்டதா? பூண்டுலோயாவில் இன்னும் மழையா?

இங்கே போன வாரம் ஒரு வேடிக்கை. நான் பார்த்துக்கொள்ளும் குழந்தை என்னைப் பார்த்து "அம்மா" என்றது. குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் நான் பேசுவது தமிழ்தானே, அதிலிருந்து பிடித்துக்கொண்டது. மேடத்துக்கு வந்ததே கோபம்! அதன் வாயிலேயே ஒன்று போட்டார். என் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார், அது பரவாயில்லை. ஆனால் அன்றிலிருந்து குழந்தை ஒரு சொல்லும் பேசவில்லை. வாயைத் திறக்கிறது, எங்கள் முகத்தைப் பார்க்கிறது, மூடிக்கொள்கிறது.

அதற்கு முதல் நாள்தான் நீங்கள் போனில் அனுப்பிய வாய்ஸ் கேட்டிருந்தேன். "நம்ம ஜெனிட்டா, நான் வேலைக்குப் போனா பிள்ளைக்காம்பராவுல பாத்துக்கிற மீனம்மாவ அம்மாங்குறா. வாயிலயே ஒன்னு வச்சேன்."

இனி அடிக்காதீங்க, உங்கள் காலில் விழுகிறேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது அவளைத் தூக்கிக்கொண்டு எதையாவது பேசிக்கொண்டே போங்க. என் பழைய ஸ்வெட்டரைப் போர்த்திவிடுங்க. ஊருக்கு வரும் யூஜினா அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன், அவரை ஏற்ற வண்டி வந்துவிட்டது.

மீனம்மா அக்காவை அவள் அம்மா என்றே கூப்பிடட்டும். நான் வந்த பிறகு என்னை எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். அவள் பேசினால் போதும்.

மார்கிரட்