கஞ்சி மணிக்கும் மூடாத புத்தகம்

5 ஜூன் 1932, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்து பாலோ ஸ்டேஷனில் இறங்கி ரப்பர்த் தோட்டம் வந்து சேர்வதற்குள் மாட்டுவண்டி ஆட்டத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் மனசு நிறைவு. துரைசாணி சீமைக்குப் போகிறபோது, ஆயாக்கொட்டகைக் குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கிப் போடச் சொல்லியிருந்தார். தாய்மார் பால் வெட்டப் போகும்முன் விட்டுவிட்டுப் போகிற குஞ்சு குளுவான்கள், ஆறு வயதுக்கு மேல் ஒன்றும் கிடையாது. பொறுக்கும் பொறுப்பு தோட்டத்துப் பள்ளி வாத்தியாரான எனக்கு.

சிங்கப்பூரில் பழைய புத்தகக் கடையில் அரை நாள் உட்கார்ந்து ஆறு எடுத்தேன். கெட்டி அட்டை, கொட்டை எழுத்து. பொறுமை, சுத்தம், கீழ்ப்படிதல் என்று ஒன்றையும் விடவில்லை. பத்தொன்பது வருஷம் பாடம் சொன்னவனுக்கு இதுகூடத் தெரியாதா?

கடைக்காரர் ஏழாவதாக ஒரு கிழிசலைச் சும்மா கொடுத்தார். இங்கிலீஷ் படப் புத்தகம். தொப்பி வைத்த குண்டு மனிதனை ஒரு வாத்து துரத்துகிறது. கடைசிப் பக்கத்தைக் காணோம். இருக்கட்டும், மற்ற ஆறுக்கும் அட்டை போட ஆகும்.

6 ஜூன், திங்கள்

மானம் போயிற்று. கொட்டகையில் போய் ‘பொறுமை’ பாடம் வாசித்தேன். ஒன்று தூங்கிவிட்டது. ஒன்று கோழியின் பின்னால் போய்விட்டது. தங்கராஜு என்கிற ஐந்து வயது வால், “வாத்தியாரே, நீங்க ஏன் கோவமா இருக்கீங்க?” என்று கேட்டான். நான் கோபமாகவா இருந்தேன்? வாசித்துக்கொண்டுதானே இருந்தேன்?

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளையம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தபின், “வாத்தியாரையா, அந்தக் கிழிஞ்சதக் குடுங்களேன்” என்றாள். கத்தரிக்கோல் வைக்க எடுத்து வைத்திருந்தது! எழுத்தே தெரியாதவள் எனக்குப் புத்தகம் பொறுக்கிக் கொடுக்கிறாளாம். வெடுக்கென்று கொடுத்துவிட்டு வந்தேன்.

9 ஜூன், வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

கோபம் ஆறிப் போய்ப் பார்த்தேன். பாயில் ஏழு புத்தகங்களையும் பரப்பிவைத்துப் பிள்ளைகளைச் சும்மா விட்டிருந்தாள். அவள் பாட்டுக்கு அடுப்பங்கரையில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. பத்து மணிக்குக் கஞ்சி வெந்ததும் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் டங் டங் என்று அடித்தாள். அந்தச் சத்தம் கேட்டால் இந்தப் பிள்ளைகள் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். காலையில் விடியுமுன் ஏதோ தின்றதுதான். என்னுடைய ஆறு புத்தகங்களும் ஒரே நொடியில் அநாதையாயின. அந்தக் கிழிசலைச் சுற்றி மட்டும் நாலு பேர். எழவே இல்லை. கையில் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தும் எழவில்லை.

“எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்டீங்களே, இப்படித்தான். கஞ்சி மணி அடிச்சும் எத விட்டுட்டு வரமாட்டேங்கிறாங்களோ, அதான் நல்ல புஸ்தகம்” என்றாள்.

நான் கேட்கவே இல்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

10 ஜூன், வெள்ளி

என் ஆறையும் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அங்கே பொறுமையாக இருக்கட்டும்.

12 ஜூன், ஞாயிறு

மூன்று நாளாக அந்தப் புத்தகத்தைத்தான் பார்க்கிறேன். வரைந்தவன் யாரோ, மகா கெட்டிக்காரன். பக்கத்துக்குப் பக்கம் குண்டு மனிதன் ஒவ்வொன்றாய்த் தொலைக்கிறான். முதலில் குடை, அப்புறம் ஒரு சப்பாத்து, அப்புறம் தொப்பி. அடுத்து எது போகும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தும், பக்கத்தைத் திருப்பவிடாமல் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடக்க மாட்டாமல் சிரிக்கிறார்கள். தெரியாததற்குத்தான் ஆச்சரியம் என்று நினைத்திருந்தேன். தெரிந்ததற்கல்லவா இத்தனை சந்தோஷம்!

ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் ஒரு நத்தை இருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. கிருஷ்ணம்மா என்று ஒரு நாலு வயசு, என் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள்.

எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளையம்மா சொல்லுகிற தினுசு. அந்தத் தொப்பிக்காரர் அவளுக்குக் கிராணி, விடிகாலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பதிகிற எங்கள் தோட்டத்துக் கணக்கர். வேறு யார் இங்கே தொப்பி வைக்கிறார்கள்? துரை இருக்கிறார், ஆனால் துரையை வாத்து துரத்துவதாகச் சொன்னால் பிள்ளைகளே நம்பாது. கடைசிப் பக்கம் இல்லாத குறையையும் அவளே தீர்த்துவிட்டாள். மரத்தில் ஏறிய கிராணி, “வாத்தே, எதுக்கு என்னைத் துரத்துறே?” என்கிறார். “காலைப் பெரட்டுல எல்லாரு பேரையும் கூப்பிட்டீங்க, என் பேர மட்டும் விட்டுட்டீங்களே!” என்கிறது வாத்து. கிராணி மரத்து மேலேயே பேர்ப் புத்தகத்தை விரித்து, “வாத்து!” என்று கூப்பிடுகிறார். “இருக்கேன்யா!” என்று சொல்லிவிட்டு வாத்து நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறது. அப்புறம் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் கூப்பிடுகிறாள். ஒவ்வொன்றும் எழுந்து நின்று “இருக்கேன்யா!” என்று கத்துகிறது. பேசப் பழகாத ஒன்றுகூட “கேயா” என்றது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ட்ரெயினிங்கில் இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

16 ஜூன், வியாழன்

வினை வந்துவிட்டது. கிராணி வாலண்டைன் சைக்கிளில் கொட்டகைப் பக்கம் போயிருக்கிறார். தங்கராஜு வேலியில் ஏறி நின்று, “கிராணி, வாத்து வருது, ஓடுங்க!” என்று கத்தினானாம். மனிதர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்ததில் சைக்கிள் சாய்ந்து, தொப்பி சாக்கடையில். பால்வாளியோடு வந்துகொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

நேரே கொட்டகைக்குள் வந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். நான் அப்போதுதான் உள்ளே நுழைகிறேன். “யார் இவங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?” என்றார். வெள்ளையம்மா, “நான்தாங்கய்யா” என்றாள். “சரி. மாசக் கடைசியில ஆள் குறைக்கிற லிஸ்ட் எழுதுறேன். உன் பேர்லதான் ஆரம்பம்.”

நான் வாசலோரம் ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன்.

17 ஜூன், வெள்ளி

அந்தக் கதையைக் கேட்டு நானும்தான் தினம் சிரித்தேன் என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாமே. பயந்தாங்கொள்ளி.

19 ஜூன், ஞாயிறு

வெள்ளையம்மாவுக்குப் புருஷன் இல்லை, போன வருஷக் காய்ச்சலில் போய்விட்டான். காலும் ஒரு பக்கம் இழுக்கும். மேட்டுக்காட்டில் ஏறி இறங்கி மரத்துக்கு மரம் போக முடியாது என்றுதான் கொட்டகையில் போட்டார்கள். ரப்பர் விலை கிடக்கிற கிடையில் பேர் வெட்டினால் அடுத்த கப்பலில் ஏற்றி நாகப்பட்டணம் அனுப்பிவிடுவார்கள். “நாகப்பட்டணம் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது வாத்தியாரையா. நான் பொறந்தது இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல” என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாதா கோயில் பூசை முடிந்து வாலண்டைன் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்து போனேன். “புஸ்தகம் வாங்கினது நான். தப்பு என்னோடது. நானும் சிரிச்சேன்” என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர், “நீங்க பள்ளிக்கூடத்து ஆளு, உங்கள நான் ஒண்ணும் சொல்ல முடியாது வாத்தியாரே. அவ பேரு என் புஸ்தகத்துல இருக்கு” என்றார். காபிகூடக் கொடுத்தார். அவருடைய சம்சாரம் லூசி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாத்துப் புத்தகம் கூடத்து நாற்காலியில் கிடந்தது. கிளம்பும்போது பார்க்கிறேன், அவர்களுடைய ஒரே மகள் ஐலீன், நாலு வயது, நாற்காலிக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி அதை உருவுகிறாள்.

22 ஜூன், புதன்

மழை. கொட்டகையில் புத்தகம் இல்லாமலே வெள்ளையம்மா கதை சொல்கிறாள். எந்தப் பக்கத்தில் நத்தை எங்கே இருக்கும் என்று பிள்ளைகள் காற்றில் விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

25 ஜூன், சனி

லூசியம்மா குடை பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “ஐலீன் மூணு நாளா சரியாச் சாப்பிடறதில்ல. தட்ட வச்சாலும் அந்தப் புஸ்தகத்த விட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறா. அவங்கப்பாவ வாசிக்கச் சொல்றா, அவரும் வாசிக்கிறார். கடைசில என்ன ஆச்சுன்னு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியல. மரத்து மேலேயே உக்காந்திருக்காருன்னு சொன்னா அழறா” என்றார்.

எனக்கு முடிவு தெரியும். சொல்லவில்லை. “அது வெள்ளையம்மாவுக்குத்தான் தெரியும்மா” என்றேன். நான் செய்தது தந்திரமா? இருக்கட்டும்.

28 ஜூன், செவ்வாய்

கிராணியே வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். ஐலீன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கொட்டகைப் பிள்ளைகளை விழுங்கிவிடுவதுபோல் பார்த்தாள். லயத்துப் பிள்ளைகளோடு அவளை விளையாட விட்டதே கிடையாது.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அப்புறம், “இந்தா வெள்ளையம்மா, மரத்துல ஏறினதுக்கப்புறம் அந்த ஆளு என்ன பண்ணுவாரு?” என்று கேட்டார்.

கிராணி பேர் கூப்பிடாமல் விட்டார் என்று இவரிடமே எப்படிச் சொல்வது? மாற்றிச் சொல், வாத்து தூங்கிவிட்டது என்று சொல் என அவளுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, புத்தகத்தை வாங்கி, ஐலீனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தினம் சொல்கிறபடியே சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. “என் பேர மட்டும் விட்டுட்டீங்களே!” என்றபோது குரல்கூட நடுங்கவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல் எழுந்து நின்று கத்தின. கடைசியில் “ஐலீன்!” என்று கூப்பிட்டாள். அது அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, எல்லாரையும்விடச் சத்தமாக, “இருக்கேன்யா!” என்றது.

கிராணி தொப்பியை வைத்துக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி ஒரு துணிச்சல் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் பட்டியல்? நாளை மறுநாள் பட்டியல்.

30 ஜூன், வியாழன்

ஆபீஸில் விளக்கு எரிகிறது. எழுதுகிறார். எதை எழுதுகிறார்?

1 ஜூலை, வெள்ளி

விடிகாலைப் பெரட்டுக்கு நானும் போய் நின்றேன். வாத்தியாருக்கு அங்கே வேலையில்லை. கங்காணி ஒரு மாதிரி பார்த்தார். குறைத்தது ஏழு பேரை. அந்த ஏழு பேரும் ஒரு பக்கமாய் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் கதைக்கு என்னிடம் முடிவில்லை. பால்வெட்டுக் கூட்டம், புல்வெட்டுக் கூட்டம் எல்லாம் முடிந்து கிராணி புத்தகத்தை மூடப் போனார். மூடாமல் நிமிர்ந்தார்.

“ஆயாக்கொட்டகை. வெள்ளையம்மா!”

“இருக்கேன்யா!”

அவர் தலையைக் குனிந்துகொண்டு கோடு போட்டார். மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்று லாந்தர் வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை.

அப்புறம் ஒன்பதரைக்கு ஐலீனைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டார். அரைக்கால் சட்டைப் பையில் சாமான் வாங்க ஒரு பட்டியல். அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறாராம், எந்த மாதிரிப் புத்தகம் பார்த்து வாங்குவது என்று என்னிடம் கேட்டார். நான் வெள்ளையம்மாவைக் காட்டினேன். அவள், “முதல்ல இத ஒரு தரம் முழுசாப் பாருங்கய்யா” என்று வாத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். குட்டைப் பெஞ்சியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். ஐலீன் மடியில். தங்கராஜு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நத்தை இருக்கும் இடத்தைக் காட்டினான்.

பத்து மணிக்கு வெள்ளையம்மா கஞ்சி மணி அடித்தாள். பிள்ளைகள் ஓடின. ஐலீனும் ஓடினாள்.

கிராணி எழுந்திருக்கவில்லை.