வலப்பக்கத்து வின்னி

டோலிடோ
9 ஜனவரி 1923

அன்புள்ள அக்கா வின்னிக்கு,

கால் எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது, மற்றதெல்லாம் அப்புறம். அந்த நாய் வித்தைக்காரன் இந்த வாரமும் நமக்கு முன்னால்தான் மேடையேறுகிறான். அவன் நாய் பண்ணிய ஈரத்தில் வழுக்கித்தானே உன் கணுக்கால் முறிந்தது? இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, பாவி! இப்போதெல்லாம் நானே துணியோடு போய் மேடையைத் துடைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன்.

வலப்பக்கத்தில் நீ ஆடும் இடத்துக்கு ஸ்டாஷா என்று ஒரு போலந்துப் பெண்ணைப் பிடித்திருக்கிறேன். சுவரொட்டியில் ‘கேரிட்டி சகோதரிகள், டீலியா – வின்னி’ என்று அச்சாகிவிட்டதால் மேடையில் அவள்தான் வின்னி. அப்படிக் கூப்பிட எனக்கு நாக்கு குழறுகிறது.

சுத்த அசடு அவள். திங்கட்கிழமை காலையில் வந்ததும் வராததுமாகத் துணியையெல்லாம் சலவைக்குப் போட்டுவிட்டாள்! மதியக் காட்சி முடியாமல் நம் ஆட்கள் யாராவது பெட்டியைத் திறப்பார்களா? விடுதியே கூடிவிட்டது. பந்து வித்தைக்காரர் மனைவி, “ஏண்டி, மேனேஜருக்குப் பிடிக்கலேன்னா சாயங்காலமே ரயிலேத்தி விட்டுடுவான். ஈரப் பாவாடையோடவா ஊர் போய்ச் சேருவே?” என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. சீக்கிரம் வந்துவிடு அக்கா, பயமாக இருக்கிறது.

உன் டீலி

*

பஃபலோ
15 ஜனவரி

என் செல்ல டீலிக்கு,

கால் தேவலை. அம்மா உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் அவித்துக் கொட்டி என்னை ஒரு சுற்று பெருக்க வைத்துவிட்டாள். “தின்னாத்தான் எலும்பு கூடும்” என்கிறாள். எலும்பு கூடுவதற்குள் கவுன் போதாமல் போய்விடும்.

அது சரி, அவள் அசடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாயே, ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி உண்டா? கடைசிச் சுழற்சியில் கை மாற்றும்போது தடுமாறுகிறாளா? கைதட்டல் குறைந்திருக்கிறதா? இதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

என் பச்சைக் கவுனை அவளுக்குக் கொடுத்துவிடாதே. அதில் ஒரு தையல் பிரிந்தாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

உன் வின்னி

*

ஃபோர்ட் வேன்
2 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

அவள் பரவாயில்லாமல் ஆடுகிறாள். கவுன் பெட்டியின் மேல்தட்டில் அப்படியே இருக்கிறது.

இப்போது வேறொரு தலைவலி. ஏஜெண்ட் கார்மோடி வந்திருந்தார். “பஃபலோவுல பத்தொம்பதாந்தேதி திங்கக்கிழமை மதியம் வந்து பாக்கறேன். அன்னிக்கு மேடையில நிக்கிற ரெண்டு பேருதான் அடுத்த வருஷம் பூரா மேற்கு ஊர்ச் சுற்றுப்பயணத்துக்கு. நடுவுல ஆள் மாத்தற வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

உன்னால் ஆட முடியுமா? உண்மையைச் சொல். முடியாமல் நீ ஏறி, அவர் கண்ணெதிரே விழுந்தால் மூன்று பேருக்கும் பிழைப்பு போய்விடும். நீ ஏறாவிட்டால் உன் இடமே போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீலி

*

பஃபலோ
8 பிப்ரவரி

டீலி,

ஆடுவேன். பத்தொன்பதாம் தேதி காலையில் தியேட்டர் பின்வாசலில் நிற்பேன். கவுனை இஸ்திரி போட்டு வை.

வின்னி

*

தியேட்டர், பஃபலோ
திங்கள் நண்பகல்

அக்கா,

எங்கே போய்த் தொலைந்தாய்? பயிற்சியே முடிந்துவிட்டது. ஆள் அனுப்பினால், நீ விடிந்ததும் கிளம்பிவிட்டாய் என்று அம்மா சொல்கிறாளாம். கார்மோடி வந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டாஷா அழுதுகொண்டே, “அக்கா, நான் உடுத்தட்டுமா, வேணாமா? ஒண்ணு சொல்லுங்க” என்கிறாள். நான் என்ன சொல்ல? எங்கிருந்தாலும் உடனே வா.

டீலி

*

வீடு
திங்கள் சாயங்காலம்

என் கண்ணு டீலிக்கு,

வீட்டுக்கு வந்ததும் உன் சீட்டைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் எழுதி அனுப்புகிறேன்.

போன வாரம் முழுக்க அடுக்களையில் ஆடிப் பார்த்தேன். நேராக ஆடினால் கால் சொன்னபடி கேட்கிறது, திரும்பினால் மடங்கிவிடுகிறது. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்ற அசட்டுத் தைரியத்தில்தான் பின்வாசலுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் உன் குரல்: “வின்னி, குனியாதேடி, கூரையைப் பாரு!” சட்டென்று நிமிர்ந்து நின்றேன். அப்புறம்தான் உறைத்தது, நீ கூப்பிட்டது அவளை. நாக்கு குழறாமல் கூப்பிட்டாய்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த கிழவர், “வலப்பக்கத்துப் பொண்ணு பிரமாதம்! யாரும்மா அது?” என்று கேட்டார். “வின்னி கேரிட்டி” என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகு அழுகையை அடக்க முடியவில்லை.

கடைசிச் சுழற்சியில் நீ கண்ணை மூடிக்கொண்டு ஆடினாய், டீலி. என்னோடு ஆடிய காலமெல்லாம், நான் எங்கே தடுமாறுவேனோ என்று உன் கண் என் காலிலேயே இருக்கும்.

எனக்கு வயிறு எரிகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் கார்மோடி நீட்டுகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. பச்சைக் கவுனை அவள் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை அம்மா மீன் பொரிப்பாள், அவளையும் சாப்பிடக் கூட்டி வா.

மதியக் காட்சிதான் முடிந்துவிட்டதே, இனிப் பெட்டியைத் திறக்கலாம். அழுக்குத் துணியைச் சலவைக்குப் போடாமல் இங்கே கொண்டு வா, நான் துவைத்துத் தருகிறேன். அவளுடையதையும் கொண்டு வா.

உன் அக்கா