வெறும் பாத்திரமாகக் கொடுக்காதே என்றாயே, அக்கா

என் உசுருக்கு உசுரான மலர்க்கொடி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. திவசத்துக்குச் சின்னதாக ஓர் அட்டை அடிக்கலாம் என்றார் மச்சான். உன் படம், பிறந்தது, இறந்தது, கண்ணீருடன் குடும்பத்தார். என் அக்காவுக்கு அது போதுமா? நானே எழுதுகிறேன், ஊரே படிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் உடையார்பாளையம் வட்டாரத்தில் என்னைப் போல் கடுதாசி எழுத ஆள் கிடையாது என்று பத்துப் பேர் சொல்லியிருக்கிறார்கள். “எந்தப் பத்துப் பேருடா?” என்று நீ கேட்பது காதில் விழுகிறது. விடு.

உட்கார்ந்துவிட்டேன் என்றதும் பொய்தான். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்துபோய்ப் போனைப் பார்க்கிறேன். எல்லாம் உன் மகள் கயல்விழியால்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? “அவ படிப்ப முடிக்கட்டும்டா. அழுவுறான்னு பாதியில கூட்டியாந்துடாத.” சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எவ்வளவு லேசு!

உன் காரியம் முடிந்து, படிக்க ஜெர்மனிக்குப் புறப்பட்டாள் கயல். திருச்சி ஏர்போர்ட்டில் நான் கையாட்டின ஆட்டலில் விமானமே கொஞ்சம் தயங்கித்தான் கிளம்பியது. அங்கே ஆஸ்டலில் ஆளுக்கு ஒரு ரூம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையலறை. அந்த வரிசையில் நம்ம ஊர் முகம் இவள் ஒருத்திதான்.

“நல்லாருக்கியான்னு கேக்குறாங்க மாமா. பதில் சொல்றதுக்குள்ள போயிடுறாங்க” என்றாள்.

“நீயா பேச்சுக் குடு புள்ள. நான் குவைத்துல எறங்குன மறுநாளே அரபிக்காரனுங்க என் தோள்ல கை போட்டுட்டானுங்க. ஒரு ஷேக்கு நான் டீ போட்டாத்தான் குடிப்பாரு” என்று தைரியம் சொன்னேன். இந்த ஷேக் கதைக்கு நீ சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அது இல்லாமல் கதை சப்பென்று போய்விட்டது.

அங்கே குளிர் தொடங்கியதும் அவளுக்குக் காய்ச்சல். பக்கத்து ரூம் ஹன்னா, அந்த ஊர்ப் பெண், நீலப்பூப் போட்ட பீங்கான் கிண்ணத்தில் சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். காய்ச்சல் விட்டது. கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏன் தெரியுமா? உன்னால்தான்.

“யார் வூட்டுப் பாத்திரத்தயும் வெறுமனே திருப்பிக் குடுக்கக்கூடாது.” இது உன் சட்டம். முருங்கைக்கீரை போடுவாய், ரெண்டு கத்திரிக்காய் போடுவாய், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவாய். உன் மகளுக்கோ வெந்நீரும் நூடுல்ஸும்தான் வைக்கத் தெரியும். “அதப் போட்டுக் குடுத்தா அசிங்கம் மாமா” என்று வீடியோ பார்த்து ரசம் வைத்தாள், கருகியது. புளிச்சோறு கிண்டினாள், குழைந்தது. கிண்ணம் அவள் ரூமிலேயே இருந்தது.

அந்த ஊரில் கிண்ணத்தைக் கொடுத்தோமா, நன்றி சொன்னோமா, அவ்வளவுதானாம். ஒருநாள் சமையலறையில் அத்தனை பேருக்கும் நடுவே ஹன்னா கேட்டுவிட்டாள்: “என் கிண்ணம் உன்கிட்டதானே இருக்கு?” இவள் “நாளைக்கு” என்றாள். நாளைக்கும் போனது, அதற்கடுத்த நாளும் போனது. அப்புறம் சமையலறைப் பக்கமே போகவில்லை. ரூமுக்குள் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

“டிக்கெட் போடுங்க மாமா. எல்லாரும் என்னைத் திருடின்னு நெனைக்கிறாங்க. எனக்கு இங்க யாரும் வேணாம்.”

எனக்கு இருப்புக் கொள்ளுமா? நம்ம கொல்லை முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அப்படி ஒரு முந்திரியை ஜெர்மனி பார்த்தே இருக்காது. குவைத்தில் என்னோடு இருந்த லெப்பைக்குடிக்காட்டு பாய்தான் இப்போது பார்சல் அனுப்புகிறார்.

“இன்ஷா அல்லாஹ் போயிடும். ஆனா நாளாகும்” என்றார்.

“புள்ள பட்டினி கெடக்குது பாய்!”

“அதுக்கு முந்திரி எதுக்குய்யா? கிண்ணத்தக் குடுக்கச் சொல்லு மொதல்ல.”

அவருக்கு உன்னைத் தெரியாது.

பார்சல் போய்ச் சேரவில்லை. மறுபடி அழைத்தாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் ரீசார்ஜ் கடையில் நல்ல கூட்டம். நான் வழக்கம்போல் குவைத் கதையை எடுத்தேன். அவள் குறுக்கே விழுந்தாள்.

“மாமா, ஒன்னு கேக்குறேன். அங்க அந்த ஊர்க்காரங்க எத்தன பேரு ஒங்களுக்குக் கூட்டாளி? பேரச் சொல்லுங்க.”

ஒரு பேராவது வாயில் வர வேண்டாமா? தேடித் தேடிப் பார்த்தேன். ரூமில் இருந்த அத்தனை பேரும் நம்ம பக்கத்து ஆட்கள். சோறு, சீட்டாட்டம், சண்டை எல்லாம் எங்களுக்குள்ளேயே. ஷேக்கை நான் கார்க் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்த்ததோடு சரி.

“ஒருத்தனும் இல்ல கண்ணு” என்றேன்.

“அப்ப ஒங்களுக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

 உன் மகள் சிரித்துவிட்டாள், அக்கா! எத்தனையோ நாளைக்கு அப்புறம். “சக்கர இருக்கு மாமா” என்றாள்.

“அப்புறமென்ன, ஒங்கம்மா அதத்தான போடுவா?”

போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். கதவைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. “அண்ணே, இருநூத்து நாப்பத்தொம்பது போடுங்க” என்று ஒருத்தன் நம்பரை நீட்டினான். “சும்மா இருய்யா, ஜெர்மனியில கதவு தொறக்குது!” என்று கத்திவிட்டேன். தஸ்ஸு புஸ்ஸென்று ஏதோ பேச்சு. போன் அணைந்துவிட்டது.

அன்றைக்கு நான் பட்ட பாடு! கடையை அப்படியே விட்டுவிட்டுச் செந்துறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். செந்துறையில் எனக்கு என்ன வேலை? இறங்கினேன். மறுபடி ஏறினேன். கண்டக்டர், “ஏண்ணே, வரீங்களா, வழியனுப்புறீங்களா?” என்றான்.

சாயங்காலம் அழைத்தாள். ஹன்னா சர்க்கரையைப் பார்த்து முழித்தாளாம். இது எதற்கு என்றாளாம். இவள் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், நீ இல்லாததையும் சொல்லியிருக்கிறாள்.

“கட்டிப்பிடிக்கல, ஒன்னும் பண்ணல மாமா. இருன்னுட்டு உள்ள போனா. சக்கரயக் கொட்டிட்டு அதே கிண்ணத்துல ரெண்டு ஆப்பிள் வச்சு நீட்டுறா. ‘உங்க அம்மா சட்டப்படி நானும் இத வெறுமனே குடுக்கக்கூடாதே’ங்குறா.”

கிண்ணம் மறுபடி உன் மகளிடமே வந்துவிட்டது. அதிலிருந்து அங்கேயும் இங்கேயும் போய்வந்துகொண்டிருக்கிறது. ரசம்கூட இப்போது கருகுவதில்லையாம்.

அப்படியானால் உனக்கு ஏன்டா தவிப்பு என்பாய். கேள். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஹன்னா தன் ஊருக்குக் கூப்பிடுகிறாள். “போவட்டா மாமா?” என்று கேட்கிறாள் உன் மகள். ஒட்டமாட்டேன் என்கிறாளே என்று துடித்தவன் நான்தான். இப்போது ஒட்டியே போய்விடுவாளோ என்று அடித்துக்கொள்கிறது. படிப்பை முடிக்கட்டும் என்றாயே, முடித்த பிறகு என்ன என்று சொல்லாமல் போய்விட்டாயே? மச்சானிடம் கேட்டேன். “போவட்டும்” என்றார். அப்புறம் துணியை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே துடைத்துவிட்ட தன் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்த வரிக்கும் மேல்வரிக்கும் நடுவில் போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டேன் அக்கா. போ என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, “பார்சல் வந்துடுச்சு மாமா. முந்திரிய எடுத்து வச்சிட்டேன்” என்றாள்.

நீ அங்கேதான் இருக்கிறாய். நான்தான் இங்கே தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி அவள் அழுதாலும் டிக்கெட் போடமாட்டேன். எனக்கு அழுகை வந்தாலும் திரும்பி வா என்று கேட்கமாட்டேன். எப்போது வந்தாலும் திருச்சியில் முதல் ஆளாக நிற்பேன். வெறுங்கையோடு நிற்கமாட்டேன்.

ஜெர்மனிக்கே முந்திரி கொடுத்தனுப்பிய,
உன் கூடப்பிறந்த தம்பி, கயலுக்குத் தாய்மாமன்,
ராசேந்திரன்