ஃபேனுக்கு முறை வரணும்

ஏப்ரல் 7, திங்கள்

நாமக்கல் போய்விட்டு, ராசிபுரத்தில் பஸ் மாறி வெண்ணந்தூர் வந்து சேர்ந்தேன். சோறு இறங்கவில்லை. அங்கே பெருமாயி அக்காவின் கோழிப்பண்ணையில் இருபத்து மூணு கோழி செத்துப்போச்சு. நான் செய்து மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியால்தான்.

தீவன வண்டி, ஃபேன், தண்ணீர் தெளிப்பு மூன்றையும் ஓட்டுவது அந்தப் பெட்டிக்குள் நான் எழுதிய கெர்னல், அதாவது எந்த வேலைக்கு எப்போது முறை என்று பார்த்துக்கொள்ளும் மூல நிரல். ஒரு வேலை தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த வேலைக்கு முறை. காலையில் வண்டி பாதியில் சிக்கிக்கொண்டது. அந்த வேலையோ, வண்டி கடைசிக்கு வந்ததா வந்ததா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டது. வெயில் ஏறியும் ஃபேனுக்கு முறையே வரவில்லை.

"இன்னொருக்கா ஃபேன் நின்னுச்சுன்னா பொட்டியக் கழட்டிக் குடுத்துருவேன் சாமி, கோவிச்சுக்காத" என்றார் அக்கா. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 8

விட்டுக்கொடு என்று கெஞ்சுவானேன்? பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதானே. சிப்புக்குள்ளேயே ஒரு டைமர் சும்மா கிடக்கிறது. மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அது குறுக்கிடட்டும். ஓடுகிற வேலையை இருக்கிற இடத்திலேயே நிறுத்திவிட்டு, கெர்னல் அடுத்ததைக் கூப்பிடும். எவன் விடாப்பிடியாக உட்கார்ந்தாலும் சரி. இது எனக்கு முதல்லயே ஏன் தோணல? கை பரபரங்குது.

ஏப்ரல் 10

புது கெர்னலை ஏற்றிப் பார்த்தேன். சோதனை விளக்கு ஒரு தடவை மின்னியது. அப்புறம் அசையவே இல்லை.

ஏப்ரல் 11

இன்னும் அப்படியேதான். சனியன்.

"பழைய மாதிரியே விட்டுட்டு, தீவன வண்டிக்கு மட்டும் ஒரு கெடு வச்சுடேன்" என்கிறார் என் வீட்டுக்காரர் குமரகுரு. நாளைக்குத் தெளிப்பு சிக்கினா? அதுக்கு ஒரு கெடுவா? எரிந்து விழுந்தேன். பாவம், டீ கொண்டுவந்த மனுஷன்.

ஏப்ரல் 12

அடச்சீ. டைமர் கூப்பிட்டதும் 'கேட்டுட்டேன்' என்று அதன் குறியை அழிக்கணும். நான் அழிக்கவே இல்லை. அது விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, கெர்னல் வேலைகள் பக்கம் திரும்பவே வழியில்லை. ஒரே ஒரு வரி — ரெண்டு நாளை முழுங்கிடுச்சு.

மதியம்: வேண்டுமென்றே ஒரு வேலையை முடிவில்லாமல் சுற்ற விட்டேன். மற்ற ரெண்டு வேலையின் விளக்கும் ஜம்மென்று மின்னுது. குமரகுருவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "சரி, லைட்டு எரியுது" என்றார். போய்யா. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பும் அதுவுமாகப் பண்ணையில் போய்ப் பெட்டியை மாட்டிவிட்டு வந்தேன். அக்கா பாயசம் கொடுத்தார். ஆனால் நம்பவில்லை. ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாற்பத்தொரு டிகிரியாம். மதியம் ஒரு மணிக்கு அக்காவிடமிருந்து போன். பாய்ந்து எடுத்தேன்.

"ஏஞ்சாமி, உம்பட பொட்டிக்கு என்ன கேடு? காத்தால இருந்து தீவன வண்டி பாதியிலயே நிக்குது. கோழியெல்லாம் பசியில கத்துது."

"ஃபேனுங்க்கா?"

"அது பாட்டுக்கு ஓடுது. தண்ணியும் தெளிக்குது. நான் தீவனத்தக் கேட்டா நீ ஃபேனக் கேக்கற."

இன்னும் கொஞ்ச நேரம் திட்டினார். இதோ வாரேனுங்க்கா என்று கிளம்பிவிட்டேன். ராசிபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு வாயெல்லாம் பல்.