திரை இருண்டிருந்த உன் போன்

நேற்று என் மகன் எனக்குப் புது போன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அதில் என்னென்ன ஆப் வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எதையோ தவறாகத் தொட்டுவிட்டேன். போன் பேசத் தொடங்கிவிட்டது. விரல் பட்ட இடத்தையெல்லாம் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே வந்தது: "கேமரா. கடிகாரம். அமைப்புகள்." மகன் அதை நிறுத்தக் கையை நீட்டினான். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தக் குரலைக் கேட்டதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நாம் இருவரும் ஆளுக்கொரு வேன் ஓட்டினோம். சர்க்கரை நோய் உன் பார்வையை மெல்ல மெல்லப் பறித்தது. முதலில் இருட்டில் ஓட்டுவதை விட்டாய். பிறகு பகலிலும் சாவியைத் தொடவில்லை. கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போனபின் வாசலுக்குக்கூட வர மறுத்தாய். நான் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று உன் மனைவி என்னிடம் சொல்லி அழுதது. அழாதே தங்கச்சி என்று சொல்லிவிட்டு வருவேன்.

அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் உன் மகள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி வந்தாள். கண் தெரியாதவருக்குப் பட்டன் போன்தானே சரி என்று நான் சொன்னேன். அவள் உன் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள். ஒரு தடவை தொட்டால் அது என்ன என்று போன் சொல்லும். இரண்டு தடவை தட்டினால் திறக்கும். இதைப் பழக்கிவிட்டு அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்து நான் வந்தபோது நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு ஆப்பாக இறக்கி, பழைய வண்டி வாங்குகிறவன் தட்டித் தட்டிப் பார்க்கிற மாதிரி சோதித்துக்கொண்டிருந்தாய். சில ஆப்களில் எங்கே தொட்டாலும் அந்தக் குரல் "பட்டன், பட்டன்" என்று மட்டும்தான் சொல்லும். எதற்கான பட்டன் என்று சொல்லாது. செய்தவர்கள் அதற்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். "பேர் சொல்லாதவன் என் வூட்டுக்குள்ள வரக்கூடாது மச்சான்" என்று அதை உடனே அழித்துவிடுவாய். பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான் சொன்னவற்றில் ஒன்றும் தேறவில்லை. வழி சொல்லும் வரைபடம், மாத்திரை அட்டையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஆப், கேமரா முன்னால் இருப்பதை விவரிக்கும் இன்னொன்று என்று சிலதான் மிஞ்சின.

கூடவே ஒரு விளையாட்டும் வைத்துக்கொண்டாய். இயர்போனில் பந்து இடப்பக்கம் வருகிறதா வலப்பக்கம் வருகிறதா என்று காதால் கேட்டு அடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நானும் ஆடிப் பார்த்தேன். ஒரு பந்துகூட அகப்படவில்லை. நீ வாய்விட்டுச் சிரித்தாய். சமையலறையிலிருந்த தங்கச்சி கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாளாக ஆக அந்தக் குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாய். எனக்கு அது வெறும் கரகரப்பாகத்தான் கேட்டது. உனக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஒரு நாள் நீ மகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க இருட்டு. போன் கெட்டுவிட்டது என்று பதறினேன். "நான்தான் அணைச்சு வச்சிருக்கேன். வெளிச்சம் எனக்கு எதுக்கு? சார்ஜ் மிச்சமாவுது" என்றாய். அந்தக் கறுப்புக் கண்ணாடியின்மேல் உன் விரல் தயங்காமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு மழைக்காலக் காலையில் எனக்கு போன் செய்து, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்பதாகச் சொன்னாய். நான் நம்பவில்லை. ஓடி வந்து பார்த்தால், ஒரு கையில் கோலும் சட்டைப் பையில் போனுமாக நீ நின்றுகொண்டிருந்தாய். பஸ்ஸில் ஏறியதிலிருந்து எந்த இடம் வருகிறது என்று போன் காதில் சொல்லிக்கொண்டே வந்ததாம். பயத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நானே ஏற்றிக்கொண்டு வந்திருப்பேனே என்றேன்.

"நீ ஏத்திக்கினு வந்திருப்ப. நானா வரணும்னு இருந்துச்சு" என்றாய்.

உன்னை என் வேனில் ஏற்றிக்கொண்டு போய், செங்கம் ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். நீ போனை எடுத்து, மலை எந்தப் பக்கம் என்று கேட்டு, அங்கே கேமராவைத் திருப்பினாய். "ஒரு பெரிய மலை. வானத்தில் மேகங்கள். முன்னால் மின்கம்பிகள்" என்றது அந்தக் குரல்.

"கம்பி இருக்குதுன்னு சொல்லுது. மலை இன்னைக்கு எப்படி இருக்குதுன்னு நீ சொல்லு மச்சான்."

பிறந்ததிலிருந்து அதன் காலடியில்தான் இருக்கிறேன். தினமும் கும்பிட்டிருக்கிறேன், ஆனால் பார்த்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மழை நின்னு பாறையெல்லாம் ஈரமா மினுங்குதுடா என்று தொடங்கினேன். உச்சியில ஒரு மேகம் போக மனசில்லாம ஒட்டிக்கினு இருக்குது, அதுக்குக் கீழ ஒரே பச்சை, அந்தப் பச்சையும் இடத்துக்கு இடம் வேற வேற என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே மலை பெரிதாகிக்கொண்டு போனது. கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று. நீ முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை நீ தனியாக வந்தாய், நானும் சொன்னேன். ஒரு விடிகாலையில் தூக்கத்திலேயே நீ போய்ச் சேர்ந்தாய்.

என்னால் சொல்வதை நிறுத்த முடியவில்லை. ஊரைத் தாண்டி மலை கண்ணில் படும்போதே என் உதடு அசையத் தொடங்கிவிடுகிறது. முன் சீட்டில் வந்த ஒரு அம்மா, என்ன மந்திரம் சொல்றீங்க என்று கேட்டது. மந்திரமெல்லாம் இல்லம்மா என்று மட்டும் சொன்னேன்.

இன்று காலை உச்சியில் மேகமே இல்லை. கிழக்குச் சரிவில் வெயில் பாதிதான் இறங்கியிருந்தது. மீதிப் பாதி இன்னும் நீலமாக இருந்தது, கேட்கிறாயா.